படிக நீரைக் கணக்கில் சேர்த்தீர்களா?

கால் லிட்டர் 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) ஆக்சாலிக் அமிலக் கரைசல் தயாரிக்க வேண்டும். ஆய்வகத்தில் அடிக்கடி சறுக்கும் இடம் இது. அணு நிறைகளைச் சரியாகத்தான் கூட்டுவார்கள்: கார்பன் 2, ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 4, ஆக 90. தேவை 0.025 மோல், எனவே 2.25 கிராம். ஆனால் பாட்டிலில் இருப்பது டைஹைட்ரேட், அதாவது படிகத்துக்குள்ளேயே நீர் கொண்டது. ஒவ்வொரு அமில மூலக்கூறுடனும் இரண்டு நீர் மூலக்கூறு உட்கார்ந்திருக்கும், தராசு அதையும் சேர்த்தே நிறுக்கும். மோலார் நிறை 126.07, எடுக்க வேண்டியது 3.152 கிராம்.

2.25 கிராமைப் போட்டால் கிடைப்பது 0.0714 மோலார். அதில் 10 மில்லியை 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்த்தால் (நிறம் மாறும்வரை இந்தக் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளந்தால்), அளவுக் குழாயான பியூரெட்டில் 20 மில்லி இறங்க வேண்டியது 14.3-லேயே நிறம் மாறிவிடும். பழி என்னவோ காரத்தின் மேல்தான் விழும்: "0.14 மோலார் இருக்கே!"

3.152 வரும்வரை கரண்டி நுனியோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். 3.1684 காட்டினால் அதையே எழுதுங்கள், செறிவு 0.1005 என்று போட்டுக்கொள்ளலாம். பீக்கரில் கரைத்துப் புனல் வழியாகத் திட்டக் குடுவையில் ஊற்றி, பீக்கரையும் புனலையும் மூன்று முறை அலசி அந்த நீரையும் சேர்க்க வேண்டும். சூடு காட்டிக் கரைத்திருந்தால் ஆறிய பிறகே கோடுவரை நிரப்புங்கள். சூட்டோடு நிரப்பினால் ஆறியதும் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும்.

இன்னொன்று: இதை 110 டிகிரி ஓவனில் உலர்த்தாதீர்கள். படிக நீர் போய்விடும், 126-ம் பொருந்தாது, 90-ம் பொருந்தாது.

*

சோடியம் ஹைட்ராக்சைடைப் பற்றியும் சொல்லிவிடலாம். மோலார் நிறை 40, கணக்குப்படி கால் லிட்டர் 0.1 மோலாருக்கு 1 கிராம். அந்த 1 கிராமை நம்பக் கூடாது. வில்லைகள் தராசுத் தட்டிலேயே ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். சுமார் 1.1 கிராம் எடுத்து, கொதித்து ஆறிய நீரில் கரைத்து, மேலே சொன்ன ஆக்சாலிக் கரைசலை வைத்து உண்மைச் செறிவைக் கண்டுபிடிப்பதுதான் வழி. பிளாஸ்டிக் பாட்டிலில் வையுங்கள். கண்ணாடி மூடி இறுகிக்கொள்ளும்.

*

பழைய கையேடுகளில் நார்மல் கணக்கு இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நார்மல் என்பது அமிலம் தரும் ஹைட்ரஜன் அயனிகளை வைத்த கணக்கு; ஆக்சாலிக் ஒரு மூலக்கூறுக்கு இரண்டு தரும். எனவே 0.1 நார்மல் ஆக்சாலிக் அமிலம் என்றால் 0.05 மோலார், கால் லிட்டருக்கு 1.576 கிராம் போதும்.

படிக நீர் எத்தனை என்பதைக் கண்ணால் பார்க்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) நல்லது. பீங்கான் மூசையில் 2.50 கிராம் நீலப் படிகத்தை மெல்லச் சூடாக்கி, ஆறவைத்து நிறுத்து, மறுபடி சூடாக்கி, எடை மாறாமல் நிற்கும்வரை தொடர வேண்டும். வெள்ளைப் பொடி 1.60 கிராம் மிஞ்சும். போன 0.90 கிராம் நீர் 0.05 மோல், மிஞ்சிய உப்பு 0.01 மோல். ஒன்றுக்கு ஐந்து.

விடை நாலரை வந்தால் சூடு போதவில்லை. கடைசி நீர் மூலக்கூறு 200 டிகிரிக்கு மேல்தான் கிளம்பும். ஐந்தைத் தாண்டினால் மூசைக்குள் பாருங்கள், ஓரத்தில் கறுப்பு தெரியும். உப்பே சிதைந்து காப்பர் ஆக்சைடு ஆகியிருக்கிறது. ஆறவைப்பதும் டெசிகேட்டரில்தான் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்), மேசையில் திறந்து வைத்தால் பொடி வெளிர் நீலத்துக்குத் திரும்பிவிடும்.