காயல்பட்டினத்தில் குடித்தனம் வைக்கலாமா?

சத்துவாச்சாரிக்காரி:

நாங்கள் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடி மாவட்டத்தில் சாகுபுரம் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். ஆறுமுகநேரியில் வீடு பார்ப்பதா, காயல்பட்டினத்திலா என்று இரண்டு மனசாக இருக்கிறோம். காயல்பட்டினம் கடலோரத்துச் சின்ன ஊர், ஆனால் வசதியானவர்கள் ஊர் என்கிறார்கள். மாதச் சம்பளத்தை நம்பியிருக்கிற நாங்கள் அங்கே ஒட்டுவோமா? எட்டாவது படிக்கிற பெண் இருக்கிறாள். கடல் என்றால் நான் மெரினாவில் கால் நனைத்ததோடு சரி. இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஆற்காட்டுத்தம்பி:

அக்கா, ஒயரிங் வேலைக்காக மூன்று மாதம் அங்கே தங்கியிருந்தேன். மளிகை, காய்கறி விலையெல்லாம் நம்ம ஊர் மாதிரிதான், அதற்குப் பயப்பட வேண்டாம். உப்புக்காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். நான் கழற்றிய சுவிட்ச் போர்டுகளில் பாதிக்கு மேல் ஸ்க்ரூ துருவேறி உதிர்ந்தது. வாடகை பேசுவதற்கு முன்னால் ஸ்விட்ச், ஃபேன் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள்.

குடியாத்தம் தையல்:

2019 முதல் 2024 வரை அந்த ஊரில்தான் இருந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தையல் என் தொழில். குடியாத்தத்தில் பதினோரு வருஷம் ஓடிய மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு போனேன். இரண்டாவது மாதமே பாபின் கேஸில் செம்மண் பூசினாற்போல் துரு. ராத்திரி ஊசியை மெஷினிலேயே விட்டுவிட்டால், காலையில் வெள்ளைத் துணியில் விழுகிற முதல் நாலு தையலும் பழுப்புப் புள்ளியோடு விழும். அப்புறம் பழகிக்கொண்டேன். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, ஊசிகள் அரிசி போட்ட டப்பாவுக்குள். நம்ம ஊரில் 42 டிகிரி அடித்தாலும் அது காய்ந்த வெயில், மத்தியானம் பொரித்த அப்பளம் சாயங்காலமும் நொறுங்கும். அங்கே எல்லோருக்கும் சோறு போட்டு முடிப்பதற்குள் அப்பளம் தொய்ந்துவிடும்.

வசதியைப் பற்றிக் கேட்டீர்கள். பணம் இருக்கிற ஊர்தான். ஆனால் சம்பாதிக்கிறவர்கள் நிறையப் பேர் ஊரில் இல்லை. ரத்தினக்கல் வியாபாரத்துக்காகக் கொழும்பு, ஹாங்காங், வேலைக்காக வளைகுடா என்று போனவர்கள். பகலில் தெருவில் நடந்தால் பூட்டிக் கிடக்கிற ஊர் போலத் தெரியும். ஊர் பின்பக்கம் இருக்கிறது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒடுங்கிய சந்து ஓடும், முடுக்கு என்பார்கள். பெண்கள் அதன் வழியாகவே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்வருவார்கள். என்னிடம் துணி கொண்டுவந்தவர்கள் யாரும் முன்வாசலில் வந்ததே இல்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு அவர்கள் போன் அடித்தால் அளவெடுப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். ஹாங்காங்கில் அப்போது எட்டு மணி, கடை மூடியிருப்பார்கள். "பிள்ளை சாப்பிட்டாளா" என்று அந்தப் பக்கம் கேட்பது எனக்கே கேட்கும்.

வீடு அங்கே பெண்ணுக்கு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். மகளுக்கென்று வீடு கொடுப்பதற்காக, வசதி இல்லாதவர்கள் படுகிற பாட்டையும் பார்த்தேன், அது லேசான சுமை இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டுக்காரம்மா வாடகை பேசியபோது, யாரையும் கேட்காமல் அந்த இடத்திலேயே ஐந்நூறு ரூபாய் குறைத்தார். எனக்குப் பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, என் பேரில் ஒரு செங்கல் கிடையாது. அதை நினைத்து அங்கே பல ராத்திரி ஏங்கியிருக்கிறேன்.

ஒட்டுவீர்களா என்றால், அன்பாக இருப்பார்கள், ஆனால் கடைசிவரை நீங்கள் வெளியூர்தான். யார் வீட்டுக் கல்யாணமானாலும் நெய்ச்சோறும் களறிக் கறியும் எங்களுக்கு வந்துவிடும். ஐந்து வருஷத்தில் நேரில் வந்து அழைத்தது இரண்டு கல்யாணத்துக்கு. பெண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம், பத்து வீட்டு உம்மாக்களின் கண் அவள் மேல் இருக்கும். சத்துவாச்சாரியில் சைக்கிள் எடுத்துக்கொண்டு சுற்றின மாதிரி முடியாது, அதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: கீழ்வீடு வேண்டாம். 2023 டிசம்பர் 17 ராத்திரி நான் கீழ்வீட்டில் இருந்தேன். மறுநாள் காலை வரை ஒரே நாளில் காயல்பட்டினத்தில் பெய்தது 95 சென்டிமீட்டர். வேலூரில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே ஏறக்குறைய அவ்வளவுதான். பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்றால் பாலத்தில் நின்று சந்தோஷமாக வேடிக்கை பார்க்கிற ஜனம் நாம். அன்றைக்குத் தண்ணீர் முடுக்கு வழியாக, பெண்கள் வருகிற அதே கதவில் வந்தது. கட்டில் கால் முழுகியபோது பதினான்கு கல்யாண உடுப்பு தைத்தும் தைக்காமலும் கிடந்தன. வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கிவந்து, "துணி கிடக்கட்டும், நீ முதல்ல ஏறு" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று 800 பேர் தவித்தார்களே, அதே ராத்திரி. நான்கு நாள் கரண்ட் இல்லை, போன் இல்லை. ஐந்தரை மணியானால் அவர் செத்துப்போன போனைக் கையில் எடுத்துப் பார்ப்பார், வைப்பார். நனைந்த துணிக்கு ஒருத்தர்கூட என்னிடம் காசு கேட்கவில்லை.

சத்துவாச்சாரிக்காரி:

அக்கா, படித்துவிட்டு அவரிடமும் காட்டினேன். மாடி வீடாகவே தேடச் சொல்லிவிட்டேன். இரும்பு பீரோ இருக்கிறது, கொண்டுபோகலாமா? ஊருக்கு வந்துபோவது எப்படி?

குடியாத்தம் தையல்:

பீரோவை அம்மா வீட்டில் விட்டுவிடுங்கள், மர அலமாரி போதும். வரப்போக, செங்கல்பட்டு வரை பஸ், அங்கிருந்து திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ். வைகாசி முதல் தேதி எங்கள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு அப்படித்தான் வந்துகொண்டிருந்தேன், டிக்கெட்டை முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டுக்காரம்மாவின் மாடி காலியா என்று இன்று ஐந்தரைக்கு முன்னால் கேட்டுச் சொல்கிறேன். அவர் மகளின் பட்டுப் பாவாடை ஒன்று வெள்ளத்தில் கறைபட்டு என்னிடமே தங்கிவிட்டது. ஓரத்தை வெட்டி வேறு பார்டர் வைத்துத் தைத்திருக்கிறேன். போகும்போது குடியாத்தம் வந்து வாங்கிக்கொண்டு போங்கள்.