கறுப்பு நகம் உள்ள நாய்க்கு எப்படி வெட்டுவது? அப்பாவின் கால் நகம் பற்றியும் ஒரு சந்தேகம்

நிலாமுற்றம்:
போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாய்க்கு நகம் வெட்டும்போது ஆழமாக வெட்டிவிட்டேன். நகம் முழுக்கக் கறுப்பு, சதை எதுவரை இருக்கிறதென்று வெளியே தெரியவே இல்லை. ஒரே கத்தல், தரையெல்லாம் ரத்தப்பொட்டு. இப்போது நகவெட்டியை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. அப்படியே விடவும் முடியாது, நடந்தால் தரையில் டக்டக்கென்று சத்தம் வருகிறது. அப்புறம், அப்பாவுக்கும் நான்தான் கால் நகம் வெட்டிவிடுவேன், அவருக்குச் சர்க்கரை நோய். இதற்குப் பிறகு அதற்கும் கை வரவில்லை.

கல்தூண்:
கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன், எங்கள் கையிலும் இது நடப்பதுதான், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். நகத்துக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகிற சதை இருக்கும். வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும், கறுப்பில் தெரியாது. அதனால் ஒரே வெட்டாக வெட்டாமல் நுனியிலிருந்து 1 மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி, ஒவ்வொரு முறையும் வெட்டிய முகத்தைப் பாருங்கள். முதலில் வறண்டு வெளிறி இருக்கும், நடுவில் கருமையாக ஒரு வட்டப் புள்ளி தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ரத்தம் வந்தால் சோளமாவை (கார்ன்ஃப்ளார்) வைத்து 5 நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள், அரை மணி நேரமாகியும் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒரே நாளில் குட்டையாக்க ஆசைப்படாதீர்கள். வாரம் ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிவந்தால் உள்ளே இருக்கும் சதையும் மெல்லப் பின்வாங்கும். முன்னங்காலின் உட்பக்கம் சற்று மேலே இருக்கும் நகத்தையும் பாருங்கள், அது தரையில் படாது, தேயாது, வளைந்து சதைக்குள்ளேயே ஏறிவிட்ட நாய்களைப் பார்த்திருக்கிறேன்.

பூனைக்கண்:
தூங்கும்போது வெட்டிவிடலாமே? என் பூனைக்கு அப்படித்தான், விரலை மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும், கொக்கி நுனியை மட்டும் வெட்டுவேன்.

கல்தூண்:
@பூனைக்கண் பழகிய பூனைக்குச் சரி. ஏற்கெனவே பயந்திருக்கும் நாய் திடுக்கிட்டு எழுந்து காலை இழுத்தால் மறுபடியும் ஆழமாக வெட்டுப்படும். சில நாள் நகவெட்டியைக் காட்டித் தின்பண்டம் மட்டும் கொடுங்கள், பிறகு ஒரு நாளைக்கு ஒரு நகம் போதும்.

நெல்லிமரம்:
அப்பா விஷயம் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. நாய்க்கு வலித்தால் கத்தும். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு வெட்டுப்பட்டதே தெரியாது. என் அம்மாவுக்கு நகவெட்டி லேசாகப் பட்டிருக்கிறது, இருவருக்குமே தெரியவில்லை, மறுநாள் காலுறையில் கறையைப் பார்த்துத்தான் தெரிந்தது, அந்தச் சின்னப் புண் ஆற இரண்டு மாதம் ஆனது. உங்கள் அப்பாவுக்குக் கால் மரத்துப்போகிறதா, நகம் தடித்தோ சதைக்குள் வளைந்தோ இருக்கிறதா? அப்படியென்றால் வீட்டில் கத்தரியே வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டிலேயே வெட்டலாம் என்று அவர் சொன்னால் நல்ல வெளிச்சத்தில், குளித்துக் கால் துடைத்த பிறகு, நேர்கோட்டில் வெட்டி ஓரத்தை அரத்தால் தேய்த்துவிடுங்கள். மூலையைத் தோண்டவே கூடாது, அங்கேதான் நகம் சதைக்குள் வளர ஆரம்பிக்கும். நாயின் நகவெட்டியை வேறாக வைத்துக்கொள்ளுங்கள்.

நிலாமுற்றம்:
எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் கேட்டேன், இடது கட்டைவிரல் கொஞ்ச நாளாகவே மரத்துக் கிடக்கிறதாம், இதுவரை சொல்லவே இல்லை. வியாழக்கிழமை மருத்துவரிடம் காட்டப் போகிறோம். நாய்க்கு இன்று ஒரே ஒரு நகம், மூன்று சீவல், அந்தப் புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். கட்டிலுக்கு அடியில் போகவில்லை.