நிலைத்தன்மை அதிகாரி யாருக்குக் கீழே இருக்க வேண்டும்? நைக்கியை முன்வைத்து ஒரு கேள்வி

கேள்வி: முன்னாள் கிராணி, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் அருகே ஒரு செம்பனைத் தோட்டத்து அலுவலகத்தில் வேலை செய்கிறேன். போன ஆண்டு வரை கிராணி, அதாவது எழுத்தர். இப்போது 'நிலைத்தன்மை அதிகாரி' என்று மேசைப் பலகையை மாற்றியிருக்கிறார்கள். செம்பனை எண்ணெய் சுற்றுச்சூழலுக்கும் தொழிலாளருக்கும் கேடின்றி உற்பத்தியாகிறது என்று காட்டும் எம்எஸ்பிஓ, ஆர்எஸ்பிஓ சான்றிதழ்களுக்கான கோப்புகளைப் பார்ப்பதும், தணிக்கையாளர் வரும்போது தொழிலாளர் குடியிருக்கும் லயங்களையும் மருந்துக் கிடங்கையும் சுற்றிக் காட்டுவதும் என் பொறுப்பு. ஆனால் என் ஆண்டு மதிப்பீட்டை எழுதுபவர் தோட்ட நிர்வாகி. அவருடைய மதிப்பீடோ, மாதத்திற்கு எத்தனை டன் குலை ஆலைக்குப் போயிற்று என்பதை வைத்து எழுதப்படுகிறது.

நான் பகுதிநேரமாகப் படிக்கும் மேலாண்மைப் படிப்பில், ஒரு பெரிய விளையாட்டு உடை நிறுவனத்தின் அமைப்பில் சமூகப் பொறுப்புக்கு என்ன இடம் என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நைக்கியை எடுத்துக்கொண்டேன். 1992இல் நன்னடத்தை விதி, 1998இல் தனித் துறை, 2001இல் இயக்குநர் வாரியத்தில் தனிக் குழு என்று ஆண்டுகள் கிடைத்துவிட்டன. கட்டம் போட்டு, கோடு இழுத்து, படமும் வரைந்துவிடலாம். ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் மேசைதான் நினைவுக்கு வருகிறது. தனித் துறை இருந்தால் போதுமா, அல்லது அது யாருக்குப் பதில் சொல்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறதா?

மறுமொழி 1: தையல்காரி

நானும் சுங்கை சிப்புட்காரிதான், தம்பி. பத்து பகாட்டில் ஓர் ஆடை ஆலையில் பதினோரு வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவள். நைக்கிக்குத் தைத்த ஆலை அல்ல அது. ஆனாலும் வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தைத்ததால் நீங்கள் கேட்பதை மறுபக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் வையுங்கள். நைக்கி விற்கும் காலணியையும் சட்டையையும் பெரும்பாலும் வேறு முதலாளிகளின் ஆலைகளே தயாரிக்கின்றன. 1990களின் தொடக்கத்தில் இந்தோனேசிய ஆலைகளின் கூலியைப் பற்றிக் கேள்வி எழுந்தபோது, ஆலை எங்களுடையதல்ல என்ற நிலைப்பாட்டில்தான் நிறுவனம் நின்றது. 1998 மே மாதம் வாஷிங்டனில் நிறுவனர் ஃபில் நைட் பத்திரிகையாளர்கள் முன் பேசியபோது, தங்கள் பொருள் அடிமைக் கூலிக்கும் கட்டாய மிகைநேர வேலைக்கும் மறுபெயராகிவிட்டது என்று தாமே ஒப்புக்கொண்டார். காலணி ஆலைகளில் சேருவதற்கான குறைந்தபட்ச வயதை 18 ஆக உயர்த்துவதாகவும் அன்று அறிவித்தார். அந்த ஆண்டுதான் மரியா ஐட்டெல் தலைமையில் நிறுவனப் பொறுப்புத் துறை வந்தது. உங்கள் படத்தில் இதற்கு ஒரு கட்டம் போட்டிருப்பீர்கள்.

சிக்கல் அந்தக் கட்டத்திற்கு வெளியே இருந்தது. எங்கள் ஆலையில் நடந்ததைச் சொன்னால் புரியும். ஒரு செவ்வாய்க்கிழமை, வாங்கும் நிறுவனத்தின் கண்காணிப்புக் குழு வந்து, வாரத்திற்கு 60 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று எழுதி, மேலாளரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனது. வெள்ளிக்கிழமை அதே நிறுவனத்தின் கொள்முதல் பிரிவிலிருந்து மின்னஞ்சல் வந்தது: கழுத்துப் பட்டையின் நிறம் மாறுகிறது, கப்பல் தேதி மாறாது. அடுத்த பத்து நாள் இரவு பதினொரு மணிக்குத்தான் விளக்கணைத்தோம். வந்தவர்களும் நல்லவர்கள், மின்னஞ்சல் எழுதியவர்களும் கெட்டவர்கள் அல்லர். ஒருவர் செய்வது மற்றவருடைய மதிப்பீட்டில் சேரவில்லை, அவ்வளவுதான்.

நைக்கியின் தணிக்கைப் பதிவுகளை ஆராய்ந்த அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் லாக்கின் குழுவும், கண்காணிப்பு மட்டும் பெரும்பாலான ஆலைகளின் நிலையை உயர்த்திவிடவில்லை என்றுதான் கண்டது. பிற்பாடு நைக்கி, தரம், விலை, குறித்த நாளில் அனுப்புதல் ஆகிய மூன்றோடு நிலைத்தன்மையையும் சம எடையில் வைத்து ஆலைகளுக்கு மதிப்பெண் போடத் தொடங்கியது. என்னைக் கேட்டால், 1998இல் துறை பிறந்ததைவிட இந்த மதிப்பெண் முறைதான் அமைப்பு மாற்றம். கொள்முதல் செய்பவர் ஆர்டரை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கும் தாளிலேயே இந்த எண்ணும் ஏறிவிட்டது அல்லவா?

மறுமொழி 2: பழைய பெரட்டு

தம்பி, முப்பத்திரண்டு வருடம் தோட்டத்தில் பேரேடு எழுதியவன் நான். மேலே தங்கை சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நீங்கள் குறித்த வாரியக் குழுவைக் கணக்கில் எடுக்காமல் தள்ளிவிட முடியாது.

2008இல் நம் மலேசியாவிலேயே நைக்கிக்கு டி-சட்டை தைத்த ஓர் ஆலையில், வங்காளதேசம், வியட்நாம், மியன்மார் ஆகிய நாடுகளின் தொழிலாளர்களுடைய கடப்பிதழ்களை (பாஸ்போர்ட்) பிடித்து வைத்திருந்ததை ஓர் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி வெளிக்கொணர்ந்தது. நைக்கி தலையிட்டது, கடப்பிதழ்களைத் திருப்பித் தரவும், ஆள்சேர்ப்புக் கட்டணத்தை ஈடுசெய்யவும், தங்குமிடத்தை மாற்றவும் ஏற்பாடாயிற்று. இவையெல்லாம் பணம் செலவாகும் முடிவுகள். ஹன்னா ஜோன்ஸ் அப்போது அந்தத் துறையின் தலைவர். துறைக்குப் பின்னால் வாரியக் குழு ஏழு ஆண்டாக இருந்தது. மேலிடத்தின் காது திறந்திருக்காவிட்டால் அத்தனை விரைவில் நடந்திருக்குமா என்பது என் ஐயம்.

நான் வேலை செய்த ஒரு தோட்டத்திலும் அலுவலக இரும்பு அலமாரியில் கடப்பிதழ்கள் கட்டுக்கட்டாக, ரப்பர் வளையம் போட்டு இருந்தன. 'பத்திரமாக இருக்கட்டும்' என்பார்கள். பிறருடைய கடப்பிதழை வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படியே குற்றம் என்று தெரிந்தும், அந்த அலமாரிச் சாவியை என் இடுப்பில்தான் வைத்திருந்தேன். யாரிடம் போய்ச் சொல்வது? எனக்கு மேலே நிர்வாகி, அவருக்கு மேலே கோலாலம்பூர். அங்கே யார் என்று கூடத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. 2024இல் நைக்கியில் ஆள்குறைப்பு வந்தபோது நிலைத்தன்மைப் பணியாளர்களும் வேலை இழந்தார்கள். விற்பனை சரியும் காலத்தில் அந்தக் கட்டம் எத்தனை பேரோடு மிஞ்சுகிறது என்பதையும் கட்டுரையில் எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. படத்தில் இப்போது இரண்டு கோடுகள் போட்டிருக்கிறேன்: ஒன்று மேலே வாரியத்திற்கு, மற்றொன்று பக்கவாட்டில் கொள்முதலுக்கு. இரண்டாவது கோட்டை வரையும்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் தோட்டத்தில் கொள்முதல் பிரிவுக்கு இணை என்று சொல்லத்தக்கது, குலை வெட்டும் குத்தகையாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம்தான். அங்கே டன்னுக்கு எத்தனை ரிங்கிட் என்று மட்டுமே பேசுவார்கள். அந்நியத் தொழிலாளர்களை அழைத்து வருபவரும் அதே குத்தகையாளர்தான். அடுத்த கூட்டம் எந்த நாளில் என்று நேற்று நிர்வாகிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். இதுவரை அந்த அறைக்குள் என்னை அழைத்ததில்லை.