பத்மினிக்கு கியர் புஷ் நானே கடையணும், எங்கிருந்து தொடங்கறது?

கொழிஞ்சாம்பாறை தோப்பு:
வணக்கம்ங்க. அப்பாவோட 1986 பிரீமியர் பத்மினி வீட்ல இருக்கு. ஸ்டீயரிங்கை ஒட்டி வர்ற கியர் லீவர்ல ஆட்டம் ஜாஸ்தியாயி, ரெண்டுல இருந்து மூணுக்குப் போறப்ப தடுமாறுது. கழட்டிப் பாத்தா கீழ்க்கம்பியில புஷ், அதாவது பின் உக்கார்ற உலோகக் குழல், ஓவலா தேஞ்சு கிடக்கு. பொள்ளாச்சியில தேடினேன், கிடைக்கல. ஒரு பட்டறையில கன்மெட்டல்ல (ஒரு வகை வெண்கலம்) கடைஞ்சு வாங்கிப் போட்டேன். மூணே மாசம், மறுபடியும் ஆட்டம். நானே கத்துக்கலாம்னு இருக்கேன். மாட்டுக்கொட்டகை காலியா இருக்கு, கையில 60,000 ரூபாய். ஐ.டி.ஐ. படிச்சதில்லை, தென்னை விவசாயம்தான். பழைய லேத், கடைசல் மெஷின், வாங்கலாங்களா?

வேலந்தாவளம் கடைசல்:
தம்பி, மூணு மாசத்துல போச்சுன்னா முதல்ல புஷ்ஷைக் குத்தம் சொல்லாதீங்க. உள்ளே போற பின்னை அளந்தீங்களா? ஒரே இடத்துல ரெண்டு திசையில, குறுக்கும் நெடுக்கும் வெர்னியர் அளவுகோலைப் போடுங்க. ரெண்டும் வேற வேறயா வந்தா பின்னும் ஓவலா தேஞ்சிருக்கு, புதுப் புஷ்ஷும் நிக்காது.

லேத் விஷயம். பழைய நாலரை அடி தாராளமாப் போதும். ஆனா முழுக் காசையும் மெஷின்ல போட்டுடாதீங்க. 0-25 மி.மீ. அளக்கற மைக்ரோமீட்டர், ஆட்டம் பாக்கற டயல் கேஜ், தண்டைப் பிடிக்கற நாலு தாடை சக், இதுக்கு எடுத்து வெச்சுட்டு மீதிக்குப் பாருங்க. நான் ஆறு வருசம் முன்னாடி அளவு சாமான் இல்லாம ஆரம்பிச்சேன். கடைஞ்ச ஒவ்வொரு புஷ்ஷும் ஒரு முனை பெருசு, மறுமுனை சிறுசு. டூலை மாத்தினேன், சக்கை மாத்தினேன், ஒரு மாசம் தூக்கம் போச்சு. கடைசியில பாத்தா கொட்டகைத் தரை மேடுபள்ளம். போல்ட்டை இறுக்கினதும் லேத்தோட நீளமான அடிச்சட்டம், பெட்டே முறுக்கிக்கிச்சு. கண்டுபிடிக்கற வழி இதுதான்: தடிமனான கம்பியைச் சக்குல மட்டும் பிடிச்சு, மறுமுனையைத் தாங்கற டெயில்ஸ்டாக் தொடாம, 150 மி.மீ. இடைவெளியில ரெண்டு வளையம் விட்டு, டூலோட ஆழத்தை மாத்தாம ரெண்டையும் ஒரே வெட்டுல கடைஞ்சு, ரெண்டு விட்டத்தையும் அளந்து பாருங்க. எனக்கு 0.06 மி.மீ. வித்தியாசம் வந்துச்சு. டெயில்ஸ்டாக் பக்கத்துக் காலுக்கு அடியில தகரத் துண்டு கொடுத்துக் கொடுத்து சரி பண்ணினேன்.

வேகம்: ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல்ல கன்மெட்டல்னா நிமிஷத்துக்கு 30 மீட்டர்னு வெச்சுக்கோங்க. 25 மி.மீ. தண்டுக்கு 380 சுத்து வரும். துளையைப் பெருசாக்கற போரிங் பார் அதோட தடிமனைப் போல நாலு மடங்குக்கு மேல வெளியே நீட்டினா நடுங்கும், துளை அளவுக்கு நிக்காது.

கணபதி பட்டறை:
அண்ணன் சொன்னதோட ஒண்ணு. லேத்துகிட்ட கையுறை வேண்டாம்ங்க, வேட்டியும் வேண்டாம், துண்டு தோள்ல கிடக்கக் கூடாது. சக் சாவியை விட்டுட்டு சுவிட்ச் போட்டா அது பறந்து வரும். சக்குல இருக்கறப்ப சாவியிலிருந்து கை எடுக்கறதே இல்லைன்னு இன்னைக்கே பழகிக்கோங்க. எங்க பட்டறைப் பசங்களுக்கு முதல் வாரம் நான் சொல்லித் தர்றது அது ஒண்ணுதான். அப்புறம், ஸ்டீயரிங், பிரேக் சாமான் எதையும் வீட்ல கடைஞ்சு மாட்டாதீங்க. உடைஞ்சா உசுரு.

வாளையார்:
இதையும் பாருங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில இருக்கற விவரம் கம்பெனி கொடுத்ததுல இருந்து மாறக் கூடாதுங்குது; 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்துச்சு. தேஞ்ச புஷ்ஷை அதே அளவுல மாத்தறது ரிப்பேர்தான், பயப்பட வேண்டியதில்லை.

கொழிஞ்சாம்பாறை தோப்பு:
அளந்துட்டேங்க. பின் ஒரு திசையில 15.98 மி.மீ., குறுக்கே 15.72. பட்டறைக்காரர் மேல வீணா கோவப்பட்டேன். நாளைக்கே போய்ச் சொல்லணும். இப்ப என்ன செய்யட்டும்?

வேலந்தாவளம் கடைசல்:
பின்னுல இருந்து ஆரம்பிங்க தம்பி. அதைக் கழட்ட முடியும்னா உக்கடம் பழைய இரும்புக் கடையில இ.என்.8ங்கற எஃகுத் தண்டு கேளுங்க, 16-க்குக் கடைஞ்சு எடுங்க. அப்புறம் புஷ். வெளி விட்டத்தை அழுத்தமா ஏறற மாதிரி விட்டு, துளையை 15.8-ல நிறுத்துங்க. வைஸ்ல வெச்சு நேரா அழுத்தி ஏத்தினா துளை கொஞ்சம் சுருங்கும். ஏத்தின பிறகுதான் துளையைச் சரியான அளவுக்குச் சீவற ரீமர் விட்டு பின்னுக்குச் சேத்தணும். முதல் நாலஞ்சு புஷ் வீணாப் போகும், கன்மெட்டல் தண்டை அரை மீட்டராவே வாங்கிடுங்க. ஞாயித்துக்கிழமை கொட்டகையிலதான் இருப்பேன், பின்னையும் எடுத்துட்டு வாங்க.