நுவரெலியாவில் சாம்பார் வைப்பவர்களே, உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

மாத்தளையில் பிறந்து நுவரெலியாவுக்கு மருமகளாக வந்தவள் நான். குளிர்கூடப் பழகிவிட்டது, துவரம் பருப்புதான் பாடாய்ப் படுத்தியது. கொதிக்கிறது, நுரைக்கிறது, ஆனால் குழைய மாட்டேன் என்கிறது. அத்தைதான் சொன்னார்: "இங்க தண்ணி சீக்கிரமே கொதிச்சிரும் புள்ள, ஆனா சூடு பத்தாது." உண்மைதான். நுவரெலியா 1868 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் மூடாத சட்டியில் அதற்கு மேல் சூடு ஏறாது, கேஸ்தான் தீரும்.

அதனால் காலையிலேயே பருப்பை ஊறப்போட்டு, மஞ்சளும் ஒரு சொட்டு நல்லெண்ணெயும் விட்டுக் குக்கரில் வைத்துவிடுவேன். கீழ்ப்பக்கம் வைப்பதைவிட இரண்டு விசில் கூடுதல். அப்பச்சோடா போடச் சொல்பவர்கள் உண்டு. பருப்பு கரையும், ருசியும் கூடவே கரையும்.

அடுத்தது புளி. காய் வேகுமுன் புளி விழுந்தால் உருளைக்கிழங்கு கடைசி வரை நறுக்கென்றே இருக்கும், புளிப்பு காயை இளகவிடாது. இந்தக் குளிரில் அது இரட்டைத் தண்டனை. முதலில் கிழங்கு, கரட், முள்ளங்கி; பிறகு போஞ்சி; கடைசியாகப் பூசணி. எல்லாம் வெந்தபின்தான் புளிக்கரைசல். முருங்கைக்காய் கீழிருந்து வர வேண்டும், வாடியும் போயிருக்கும். வேலியில் சும்மா காய்க்கிற சௌசௌ இருக்கும்போது அதை ஏன் தேட வேண்டும்? சின்ன வெங்காயம் விலை ஏறினால் லீக்ஸின் வெள்ளைத் தண்டை வதக்கிப் போடுவேன். யாழ்ப்பாணத்துத் தோழிக்கு இது பெரிய பாவம்.

தூளுக்கு மல்லி, செத்தல் மிளகாய், மிளகு, சீரகம், வெந்தயம், கொஞ்சம் கடலைப்பருப்பு. எல்லாம் வறுத்து, அன்றன்றைக்கு அரைப்பது. இங்கே மிளகு தூக்கலாக இருந்தால்தான் தொண்டைக்கு இதம்.

ஹட்டனிலிருந்து:
எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) குக்கர் வருமுன் அப்பாயி வேறு வழி வைத்திருந்தார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கிடைக்கிற மிலாறு, அதாவது வெட்டிப்போட்ட கிளைகள், விறகாக நின்று எரியும். ராத்திரிச் சமையல் முடிந்ததும் அந்தத் தணலில் பருப்புச் சட்டியை மூடி வைத்துவிடுவார். விடியும்போது மத்தே வேண்டாம், அகப்பையால் ஒரு கலக்கு போதும். கோயில் திருவிழா அண்டாவுக்கும் இதே கணக்குதான், பருப்பு முதல் நாளே அடுப்பேறிவிடும். புளியைக் கடைசியில் ஊற்றுவதும் அவர் சொன்னதுதான்.

பதுளையிலிருந்து:
இங்கே அந்தத் தொல்லையெல்லாம் இல்லை, நாங்கள் உங்களைவிட எவ்வளவோ கீழே இருக்கிறோம். ஆனால் எதற்கு இந்தப் பாடு? மைசூர்ப் பருப்பைப் போட்டால் எந்த உயரத்திலும் கரையுமே. எங்கள் வீட்டில் அதுதான் சாம்பார். விலையும் குறைவு.

நுவரெலியாவிலிருந்து மறுபடியும்:
அவசரத்துக்குச் சரி அக்கா, ஆனால் அது பருப்புக்கறிக்குப் புளி ஊற்றியது மாதிரிதான் இருக்கும். மாதக் கடைசியில் நான் பாதிக்குப் பாதி கலப்பேன். துவரை முக்கால் வேக்காடு வெந்தபின் மைசூர்ப் பருப்பைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றாகக் குழையும். தணல் யோசனை நல்லது, மாமா வீட்டில் இன்னும் விறகடுப்பு இருக்கிறது, அங்கே செய்து பார்க்கிறேன்.