புதுப்பிப்பு: குழு வேலையில் வாய் திறக்காத தரம் 7, எது பலித்தது?

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலையில் தரம் 7க்குப் புவியியல் கற்பிக்கிறேன். குழுவாக அமர்த்தினால் இருவர் மட்டுமே பேசுகிறார்கள், என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பலித்தது, தனியே யோசித்து, இருவராகப் பேசி, பிறகு வகுப்புக்குச் சொல்லும் முறை. அமெரிக்கக் கல்வியாளர் ஃபிராங்க் லைமன் 1981இல் முன்வைத்தது. இதைப் பரிந்துரைத்த ஆசிரியை சேர்த்த நிபந்தனைதான் அதன் உயிர்நாடி: தன் கருத்தை அல்ல, துணைவர் சொன்னதையே வகுப்புக்குச் சொல்ல வேண்டும். காது கொடுக்காமல் தப்பவே முடியாது.

நான் கேட்டது: "மேற்குக் கரை மீனவர்கள் சில மாதங்கள் மட்டும் நம் கரையில் வாடி (மீனவர் தற்காலிகமாகத் தங்கும் குடில்) அமைப்பது ஏன்?" எப்போதும் தலைகுனிந்திருக்கும் ஒரு பிள்ளை, "கச்சான் (தென்மேற்குப் பருவக்காற்று) காலத்தில் அங்கே கடல் கொந்தளிக்கும், இங்கே அடங்கியிருக்கும்" என்றாள். பக்கத்துப் பிள்ளை விடவில்லை: "அப்படியானால் வாடைக்காற்றில் (வடகிழக்குப் பருவக்காற்றில்) நம்மவர்கள் எங்கே போவார்கள்?" பருவக்காற்றுப் பாடத்தை நான் இதைவிட நன்றாகத் தொடங்கியிருக்க முடியாது.

ஆளுக்கொரு பகுதியைக் கற்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஜிக்சோ முறை 40 நிமிடப் பாடவேளையில் அடங்கவில்லை. இரட்டைப் பாடவேளை உள்ளவர்கள் முயலலாம்.

எதிர்பாராதது இரண்டு. முன்பு ஓயாமல் பேசிய இருவரும் இப்போது துணைவரைக் கேள்வி கேட்டுப் பேசவைக்கிறார்கள். மற்றது சத்தம், தட்டிக்கு அப்பால் உள்ள வகுப்புக்கு இடைஞ்சலாகிவிட்டதால் வேப்பமரத்தடிக்கு மாறிவிட்டோம். வரவு ஒற்றைப்படையாக இருக்கும் நாளில் ஓர் அணியில் மூவர். வலப்பக்கத்தில் இருப்பவர் சொன்னதை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும்.