அப்பாவின் கழுத்துப்பட்டிகளில் விறாந்தைக்கு என்ன தைக்கலாம்?

பரந்தன் மகள்

வணக்கம். அப்பா கிளிநொச்சியில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். வெயில் எப்படிக் கொளுத்தினாலும் கழுத்துப்பட்டி கட்டாமல் பாடசாலைக்குப் போனதில்லை. 2009 இல் வீட்டுச் சாமான் அத்தனையும் போய்விட்டது. வவுனியாவில் பெரியம்மா வீட்டில் அவர் விட்டிருந்த ஒரு பயணப்பை மட்டும் தப்பியது. போன வருடம் அப்பா காலமானபின் பெரியம்மா அதைக் கொடுத்தனுப்பினார். உள்ளே கழுத்துப்பட்டிகள், தோல் பெல்ட்டுகள், பச்சைக் கரை போட்ட ஒரு சால்வை.

இவற்றை அலுமாரியில் பூட்டி வைக்க எனக்கு மனமில்லை. அம்மா பின்னேரங்களில் விறாந்தையில்தான் இருப்பார். அவர் சாயவும் தொடவும் கூடிய பொருளாக அவை அங்கே இருக்க வேண்டும். என்னிடம் காலால் மிதிக்கும் பழைய சிங்கர் மெஷின் இருக்கிறது. சட்டையும் தலையணை உறையும் தைப்பேன். ஆனால் இந்தத் துணி பிடித்தால் வழுக்குகிறது, இழுத்தால் முறுகுகிறது. கத்தரிக்கோல் வைக்கும் முன் கேட்கிறேன்: எப்படித் தைத்தால் துணி கெடாது?

வவுனியாத் தையல்காரி

தங்கச்சி, கழுத்துப்பட்டித் துணியை இழைக்கு நேராக வெட்டுவதில்லை, மூலைவாட்டாக வெட்டுவார்கள். அதனால்தான் முடிச்சுப் போட்டு அவிழ்த்தாலும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. 1920களில் நியூயோர்க்கில் ஜெஸ்ஸி லாங்ஸ்டோர்ப் என்பவர் மூன்று துண்டாக இப்படி வெட்டித் தைக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் அதுதான் வழக்கம். கழுத்துக்கு நல்லதான அந்த இழுவை மெஷினுக்கு ஆகாது. அடியில் இழுபடாத துணி ஒன்று கட்டாயம் வேண்டும். அப்பாவின் பழைய வேட்டி இருந்தால் அதையே வையுங்கள். கடைக் கன்வஸை விட மெதுவாக இருக்கும்.

முதலில் பின்பக்கத் தையலைப் பாருங்கள். நல்ல பட்டியில் மேலிருந்து கீழ்வரை ஒரே நூல் தளர்வாக ஓடும். இரு முனையிலும் உள்ள கட்டுத் தையலை வெட்டிவிட்டு அந்த நூலை மெல்ல இழுத்தால் முழுதும் கழன்று வரும். உள்ளே தடித்த உள்துணி இருக்கும். பெரும்பாலும் கம்பளி கலந்தது, தண்ணீர் பட்டால் சுருங்கும். ஆகவே அதை எடுத்த பிறகே கழுவ வேண்டும்.

பட்டா பொலியெஸ்டரா என்று தெரியாவிட்டால் உள்மடிப்பிலிருந்து இரண்டு இழை உருவிக் கொளுத்துங்கள். பட்டு, தலைமுடி கருகிய மணத்தோடு பொடியாக நொறுங்கும். பொலியெஸ்டர் உருகிக் கறுப்பு மணிபோல் இறுகும். பட்டைக் குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு விட்டு அலசி, முறுக்காமல் நிழலில் போடுங்கள். நம் ஊர் வெயிலில் ஒரு பகல் கிடந்தாலே சாயம் வெளிறும். சிவப்பையும் கருநீலத்தையும் தனித்தனியே அலச வேண்டும்.

வட்டக் குஷன் அழகாக வரும். 16 அங்குல விட்டம் என்றால் சுற்றளவு ஏறக்குறைய 50 அங்குலம். அகன்ற முனைகளிலிருந்து 16 ஆப்புத் துண்டு வெட்டினால் ஒவ்வொன்றின் வெளிவிளிம்பும் மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல் வரும். இருபுறமும் தையலுக்குக் கால் அங்குலம் விடுங்கள். கூர்முனைகள் நடுவில் ஒன்றாகப் பொருந்துவது கடினம், அங்கே துணி சுற்றிய பெரிய தெறி ஒன்றைத் தைத்துவிடுங்கள்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்

மேலே தங்கை சொன்ன முறை சரியானது. ஆனாலும் பிள்ளை, நான் வெட்டச் சொல்ல மாட்டேன். அப்பா முடிச்சுப் போட்ட இடத்தில் துணி நைந்து மினுமினுப்புக் குறைந்திருக்கும், தடவிப் பாருங்கள். ஆப்பாக வெட்டினால் முதலில் போவது அந்த இடம்தான்.

விறாந்தையில் வாங்கு இருக்கிறதா? ஒரு பட்டி சராசரியாக 57 அங்குலம், நாலே முக்கால் அடி. வாங்கு விரிப்புக்கு அளந்தெடுத்த நீளம். ஒன்றின் அகன்ற முனைக்குப் பக்கத்தில் அடுத்ததன் ஒடுங்கிய முனை வரும்படி மாற்றி மாற்றி அடுக்கினால் விரிப்பு கோணாமல் நேராக வரும். பிரிக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். வேட்டித் துணியின்மேல் பரப்பி, முதலில் கையால் பெருந்தையல் போட்டு நிறுத்துங்கள். பிறகு விளிம்போரமாக மெஷினில் ஓட்டலாம். பிரிக்காத பட்டியைக் கழுவ முடியாது. A9 வீதிப் புழுதி உங்கள் விறாந்தைக்கும் வரும்தானே, வாரம் ஒருமுறை உதறி, ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

மாங்குளம் தம்பி

அக்கா, பெல்ட்டைச் சிங்கரில் கொடுக்க வேண்டாம், ஊசி உடையும். பனையோலைக் கடகம் இருந்தால் அதற்குக் கைபிடியாகப் போடலாம், துவைக்கிற துணி போட்டுவைக்க நல்ல பெட்டி கிடைக்கும். பலகையில் வைத்து ஆணியால் கால் அங்குலத்துக்கு ஒன்றாகத் துளையிடுங்கள். மெழுகு பூசிய தடித்த நூலின் இரு நுனியிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளைக்குள்ளும் இரண்டு பக்கத்திலிருந்தும் செலுத்துங்கள். ஒரு இழை அறுந்தாலும் மற்றது தாங்கும். தோலில் விழுந்த துளை மறையாது, எனவே முதலில் பென்சிலால் குறியுங்கள். காய்ந்த ஓலை குத்தினால் கிழியும். ஈரத்துணியால் நனைத்துப் பதப்படுத்திய பிறகு குத்துங்கள். மேல்தோல் செதில் செதிலாக உரியும் பெல்ட் என்றால் அது ரெக்சின், அதற்கு மினக்கெட வேண்டாம்.

பரந்தன் மகள்

ரீச்சர், தடவிப் பார்த்தேன். நீலக்கோடு போட்டதில் ஒரு சாண் அளவு நைந்திருக்கிறது. அம்மாவிடம் காட்டினேன், கையில் வாங்கி வைத்துக்கொண்டார். வாங்கு விரிப்புத்தான் தைக்கப் போகிறேன். வாங்கு ஐந்து அடி, இரு முனையிலும் குறைகிற இடத்துக்குச் சால்வைக் கரையை வைத்து இணைப்பேன். வவுனியா அக்கா, பெரியம்மாவிடம் பாடசாலைக் கழுத்துப்பட்டிகள் கிடக்கின்றன, எல்லாம் பொலியெஸ்டர். வட்டக் குஷனை அவற்றில் தைக்கிறேன். அவற்றுக்கு இஸ்திரிப்பெட்டிச் சூடு எவ்வளவு வைக்கலாம்?

வவுனியாத் தையல்காரி

மிகக் குறைந்த சூடு போதும். மேலே மெல்லிய பருத்தித் துணி போட்டு, தேய்க்காமல் அழுத்தி எடுங்கள். தேய்த்தால் மூலைவாட்டுத் துணி நீண்டுவிடும்.